திருவல்லிக்கேணியில் குடியிருப்பதும் சுற்றிப் பார்ப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைத் திருவல்லிக்கேணியில், கோயில் குளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடிப் பகுதியில் பதினேழு ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கிறேன். வீடு தேடி வருவோரும், ஒரு நாள் சுற்றிப் பார்க்க வரும் நண்பர்களும், வேலைக்காக மேன்ஷனில் அறை எடுக்கும் இளைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த விடைகள் இவை.

திருவல்லிக்கேணி என்று எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள்?

கிழக்கே மெரினா கடற்கரை, வடக்கே வாலாஜா சாலையும் சேப்பாக்கமும், மேற்கே அண்ணா சாலையை ஒட்டிய தெருக்கள், தெற்கே ஐஸ் அவுஸ், மீர்சாகிப்பேட்டை, இராயப்பேட்டை என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு இது ஒரே ஊர் அன்று. குளத்தைச் சுற்றிய மாடவீதிகள் ஓர் ஊர். பெரிய பள்ளிவாசலைச் சுற்றி உருது பேசும் தெருக்கள் ஓர் ஊர். மேன்ஷன்களும் மெஸ்களும் நிறைந்த சந்துகள் வேறோர் ஊர். ஜாம் பஜார் காய்கறிச் சந்தை இன்னோர் ஊர். கடலோரத்து மீனவர் குப்பங்கள் இவை எல்லாவற்றுக்கும் மூத்த ஊர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக ஐந்து நிமிடமே ஆகும்.

இந்தப் பகுதி எவ்வளவு பழமையானது?

சென்னைக்கு 1639-ஆம் ஆண்டைப் பிறந்த ஆண்டாகக் கொள்வது வழக்கம். திருவல்லிக்கேணி அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. அல்லி பூத்த கேணி என்பதே பெயருக்குப் பொருள். பேயாழ்வார், திருமழிசையாழ்வார், திருமங்கையாழ்வார் ஆகிய மூவரும் இத்தலத்தைப் பாடியிருக்கிறார்கள். அலைகள் கரையில் கொண்டுவந்து தள்ளும் பவளமும் முத்தும் அந்திப் பொழுதில் விளக்காக ஒளிர்வதாகப் பேயாழ்வார் பாடுகிறார். கோயிலிலிருந்து கிழக்கே நடந்தால் கால் மணி நேரத்தில் அதே கடலில் கால் நனைக்கலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பார்த்தசாரதி சுவாமி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி புனித ஜார்ஜ் கோட்டையை அடுத்துத் தன் வசம் கொண்டுவந்த முதல் கிராமங்களில் இதுவும் ஒன்று. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கோல்கொண்டா சுல்தானிடமிருந்து குத்தகைக்குப் பெற்றுவிட்டார்கள்.

கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊரில் இவ்வளவு முஸ்லிம் குடும்பங்கள் எப்படி வந்தன?

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா தம் இருப்பிடத்தைச் சென்னைக்கு மாற்றிக்கொண்டு 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பினார். அரண்மனை வந்ததும் அதைச் சார்ந்த எழுத்தர்கள், படைவீரர்கள், மருத்துவர்கள், சமையற்காரர்கள், தையற்காரர்கள் எல்லாரும் அருகிலேயே குடியேறினார்கள். 1855-இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்தபோது கம்பெனி அரசு அப்பட்டத்தை ஒழித்துவிட்டது. அரண்மனையும் அரசின் கைக்குப் போயிற்று. ஆனால் அரண்மனையை நம்பி வந்த குடும்பங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. இன்றும் பள்ளிவாசலை ஒட்டிய தெருக்களில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளை உருதுவில் கூப்பிட்டுவிட்டு, அடுத்த நொடியே காய்க்காரரிடம் சுத்தமான சென்னைத் தமிழில் பேரம் பேசுவதைக் கேட்கலாம்.

பெரிய பள்ளிவாசல் என்று நாங்கள் சொல்லும் வாலாஜா பள்ளிவாசல் 1795-இல் கட்டப்பட்டது. மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் எழுப்பியது என்பார்கள். அதில் பதித்துள்ள பாரசீகக் கவிதையை எழுதியவர் நவாபிடம் பணியாற்றிய மக்கன்லால் என்ற இந்து. எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் கட்டிய ஆண்டு வரும்படி அமைந்த கவிதை அது. ரமலான் மாதத்தில் இங்கே நோன்பு திறக்க வருவோருக்கு உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுபவர்கள், பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஓர் இந்து தொடங்கிய சூபிதார் அமைப்பினர். நோன்பு திறக்கும் வேளையில் அந்தத் தொண்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் முன்னால் குனிந்து குனிந்து பரிமாறுவதை ஒரு முறையாவது பார்க்க வேண்டும். இது விழாவுக்காகச் செய்து காட்டும் ஒற்றுமை அன்று. ஆண்டுதோறும் முப்பது நாளும் நடக்கிற அன்றாட வேலை.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே தொடங்கி எப்படி நடப்பது?

விடியற்காலையில் குளக்கரையில் தொடங்குங்கள். ஆறு மணிக்குத் தெரு ஈரமாக இருக்கும். வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். வண்டிகள் இன்னும் வந்திருக்கமாட்டா. பத்து மணிக்கு மேல் அதே தெருவில் வீடுகளை நிமிர்ந்து பார்க்கவே இடம் கிடைக்காது.

கோயிலுக்குள் போனால் அவசரப்படாதீர்கள். மூலவர் வேங்கடகிருஷ்ணன் மீசையோடு நிற்கிறார். பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்த சாரதி என்பதால் கையில் சங்கு மட்டும் உண்டு, சக்கரம் இல்லை. உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகள் உண்டு. தீபாராதனையின்போது அர்ச்சகர் தட்டைச் சற்று உயர்த்திப் பிடிப்பார். அந்த ஒரு கணத்தில் கன்னத்துக் குழிகள் தெரியும். கோயிலின் பின்பக்கம் மேற்கு நோக்கி அழகியசிங்கர் (நரசிம்மர்) சன்னதி இருக்கிறது; அவருக்குத் தனிக் கொடிமரம், தனி வாசல். ஒரே கோயிலில் இரண்டு திசை நோக்கி இரண்டு கொடிமரங்கள் இருப்பதைப் பலர் கவனிக்காமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

அங்கிருந்து துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் இல்லம், பிறகு பெரிய தெருவில் இந்து உயர்நிலைப் பள்ளியின் சிவப்புக் கட்டடம், அங்கிருந்து வடக்கே பெரிய பள்ளிவாசல். வெயில் ஏறிவிட்டால் சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுங்கள்; கோயிலும் நண்பகலில் நடை சாத்திவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் பாரதி சாலை வழியே கடற்கரைக்கு நடக்கலாம். பழைய பெயர் பைகிராப்ட்ஸ் சாலை. ஆட்டோ ஓட்டுநர்களில் மூத்தவர்களுக்கு இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால்தான் உடனே புரிகிறது. வழியில் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள் கண்ணில் பட்டால் அன்றைய மாலை அங்கேயே முடிந்துவிடக்கூடும். அப்படி முடிந்தாலும் குறையில்லை.

பாரதியார் யானை மிதித்து இறந்தார் என்பது உண்மையா?

இல்லை. இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகமாகக் கேட்கப்படுவது. தவறான விடை பாடப்புத்தகம் போலப் பரவியிருப்பது வருத்தமாக இருக்கிறது. 1921-இல் பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பழமும் தேங்காயும் கொடுக்கப் போனபோது அது அவரைத் தள்ளிவிட்டது. கீழே விழுந்து கிடந்தவரை நண்பர் குவளைக் கண்ணன் உள்ளே பாய்ந்து தூக்கி வந்தார். அந்தக் காயத்திலிருந்து பாரதியார் தேறினார். சுதேசமித்திரன் நாளிதழ் வேலைக்குத் திரும்பினார். ஈரோட்டுக் கருங்கல்பாளையத்துக்குப் போய்ச் சொற்பொழிவும் ஆற்றினார். அதன்பின் வயிற்றுக் கடுப்பு நோய் கண்டு, செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டிலேயே உயிர் நீத்தார். வயது 38. கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்கு உடன் போனவர்கள் மிகச் சிலரே. அவர் வாழ்ந்த வீட்டை 1993-இல் அரசு நினைவு இல்லமாக்கியது. உள்ளே போனால் சுவரில் மாட்டிய படங்களோடு நின்றுவிடாமல், முற்றத்தில் சற்று நின்று தெருச் சத்தத்தைக் கேளுங்கள். வாழ்நாளின் கடைசி மாதங்களில் அவர் கேட்ட தெரு அது.

வேறு யாரெல்லாம் இங்கே வாழ்ந்தார்கள்?

கணித மேதை இராமானுசன் 1913-இல் பல்கலைக்கழகத்தின் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை பெற்றபோது குடும்பத்தோடு அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்தார். அங்கிருந்துதான் 1914-இல் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். 1878-இல் ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் நான்கு சட்ட மாணவர்களும் சேர்ந்து 'தி இந்து' இதழைத் தொடங்கியபோது அவர்களைத் திருவல்லிக்கேணி அறுவர் என்றே அழைத்தார்கள். முதல் இதழ் 80 படிகள்தான் அச்சாயிற்று. விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்ப வீடுவீடாகப் போய்ப் பணம் திரட்டிய பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாளும் இவ்வூர்க்காரர். திரும்பி வந்த விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் தங்கியது கடற்கரை ஐஸ் அவுஸில். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்து வைக்க 1842-இல் கட்டிய கிடங்கு அது. இன்று விவேகானந்தர் இல்லம்.

இந்தப் பட்டியலில் மக்கள் மறந்துவிடும் ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். கலப்படமில்லாத மளிகையை நியாய விலையில் பெறுவதற்காக 1904-இல் இவ்வூர்க்காரர்கள் பங்குப் பணம் போட்டுத் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்று. அறிஞர்கள் பிறந்த ஊர் என்பதைப் போலவே, அரிசி பருப்பு வாங்குவதில்கூட ஒன்றுகூடிய ஊர் என்பதும் எனக்குப் பெருமை.

இங்கே வீடு வாடகைக்கு எடுக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலில், எத்தகைய வீடு என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கோயில் தெருக்களின் பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை: வாசலில் திண்ணை, ரேழி (வாசலை அடுத்த நடை), கூடம், முற்றம், சமையலறை, கிணறு, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இரு பக்கச் சுவரும் அண்டை வீட்டோடு பொது என்பதால் காற்றும் வெளிச்சமும் முற்றத்தின் வழியாக மட்டுமே வரும். முற்றத்தைத் தகரம் போட்டு மூடிவிட்ட வீட்டை எவ்வளவு குறைந்த வாடகைக்குக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்; நடுப்பகலிலும் விளக்கு எரிய வேண்டும், சித்திரை வைகாசியில் உள்ளே இருக்க முடியாது. ஒண்டுக்குடித்தனப் பகுதியாக இருந்தால் தண்ணீர் பிடிக்கும் நேரம், கழிவறை, துணி உலர்த்தும் இடம் ஆகிய மூன்றையும் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை இம்மூன்றிலிருந்தே வருகின்றன.

இரண்டாவது, தாள்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் தேவை. முன்பணத்துக்கு அச்சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகச் சொல்கிறது. இரு தரப்பும் வேறாக ஒப்புக்கொண்டால் அது செல்லும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை என்பதால் கையெழுத்திடும் முன் இதைப் பேசிப் பாருங்கள். வாங்குவதாக இருந்தால் அடிமனை யாருடையது என்று கட்டாயம் விசாரியுங்கள். கோயில் சார்ந்த பழைய ஊர்களில் கட்டடம் ஒருவருக்கும் அடிமனை கோயிலுக்கும் சொந்தமாக இருப்பது உண்டு.

மேன்ஷனில் தங்கலாமா?

வேலை தேடி வரும் இளைஞர்களுக்கு இதைவிட இணக்கமான இடம் நகரத்தில் குறைவு. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், தாழ்வாரத்தின் கோடியில் பொதுக் குளியலறை, கீழே இறங்கினால் மெஸ்: அவ்வளவுதான் மேன்ஷன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், திரைத்துறையில் வாய்ப்புத் தேடுபவர்களும், மருந்து விற்பனைப் பிரதிநிதிகளும் ஒரே மாடியில் இருப்பார்கள். மொட்டைமாடி உள்ள மேன்ஷனாகப் பாருங்கள். மாலையில் கடற்காற்று வாங்க அதைவிட நல்ல இடம் இல்லை. குடும்பத்தினரைத் தங்கவைக்க முடியாது என்பதையும், காலை ஏழு மணிக்குக் குளியலறைக்கு வரிசை நிற்கும் என்பதையும் அறிந்துகொண்டு வாருங்கள்.

பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூத்து உதிர்கிறதே, என்ன செய்வது?

இதற்கு நான் கொஞ்சம் நீளமாகவே விடை சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நானே தவறு செய்திருக்கிறேன். குடிவந்த இரண்டாம் ஆண்டு மாடிப்படிச் சுவரில் இடுப்பளவுக்குப் பூச்சு உதிர்ந்து கொட்டியது. வீட்டுக்காரரிடம் நானே செய்துகொள்கிறேன் என்று சொல்லிச் சிமெண்டால் பூசச் செய்தேன். ஒரு மழைக்காலம் தாங்கியது. அடுத்த மழையில் பூசிய இடத்துக்கு ஒரு முழம் மேலே புதிதாக ஈரம் ஏறி, அங்கிருந்து உதிர ஆரம்பித்தது.

பிறகு வந்த வயதான கொத்தனார் சுவரை விரலால் சுரண்டி, தூளை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது சுண்ணாம்புச் சுவர் தம்பி, இதோட வாயை மூடிட்டீங்க" என்றார். பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் நிலத்து ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே ஆவியாக விடும். சிமெண்டுப் பூச்சு அந்த ஆவி போகும் வழியை அடைத்துவிடுவதால் உப்பு நீர் இன்னும் மேலே ஏறுகிறது. அவர் சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்து, சுவரை ஆறு வாரம் வெறுமனே காயவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் செங்கல் தூளும் கலந்து பூசினார். மேலே பிளாஸ்டிக் வண்ணம் அடிக்கவே கூடாது, வெள்ளைதான் அடிக்க வேண்டும் என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். கடலுக்கு இவ்வளவு அருகில் உப்பு அடியோடு நின்றுவிடாது. ஆண்டுக்கு ஒரு முறை துடைத்து வெள்ளை அடிக்கிறேன். சுவர் நிற்கிறது.

மேல்தளத்துக்கும் இதுவே பொருந்தும். தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வரிசையாக அடுக்கி, அதன்மேல் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அடித்த சுண்ணாம்பு ஜல்லி, அதன்மேல் தட்டை ஓடு: இதுதான் மெட்ராஸ் டெரஸ். ஒழுகுகிறது என்று அதன்மேல் கான்கிரீட் கொட்டினால் உத்தரத்தின் மேல் பாரம் ஏறுகிறதே தவிர ஒழுக்கு நிற்பதில்லை. உத்தரம் சுவருக்குள் நுழையும் நுனியைத் தட்டிப் பாருங்கள். மழைநீர் இறங்கி மரம் உளுத்துப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

தண்ணீர் எப்படி?

குடிக்க மெட்ரோ தண்ணீர். புழங்கக் கிணறு அல்லது போர். நிலத்தடி நீர் தெருவுக்குத் தெரு மாறும்; ஒரு வீட்டில் இனிக்கும், நாலாவது வீட்டில் கரிக்கும். வீடு பார்க்கும்போது குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். மாடி மழைநீரைக் கிணற்றில் இறக்கியிருக்கும் வீட்டில் கரிப்புக் குறைந்திருப்பதை நானே கண்டிருக்கிறேன்.

திருவிழா நாட்களில் குடியிருப்போருக்கு என்ன சிரமம், என்ன சிறப்பு?

சித்திரையில் பார்த்தசாரதிக்கும் ஆனியில் அழகியசிங்கருக்கும் பிரம்மோற்சவம், மாசியில் தெப்பம், மார்கழியில் வைகுண்ட ஏகாதசி. அந்நாட்களில் மாடவீதிகளில் வண்டி நுழையாது. மருத்துவமனைக்குப் போக வேண்டிய முதியவர் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சிறப்பைச் சொல்வதானால், காலைப் புறப்பாட்டை உங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்க்க வேண்டும். பெருமாளுக்கு முன்னால் பிரபந்தம் ஓதுவோர் செல்வார்கள், பின்னால் வேதம் ஓதுவோர் வருவார்கள். தமிழுக்குப் பின்னால்தான் பெருமாளே வருகிறார். வாகனம் தாங்கிகள் தெருமுனையில் திரும்பும்போது தோள் மாற்றிக்கொள்ளும் அந்த ஒரு நொடி குடை சற்றே சாயும். முன்னால் நிற்கும் எல்லாருக்கும் மூச்சு நின்று வரும். வாசலில் தட்டோடு நிற்கும் வீடுகளின் முன் வாகனம் நிற்கும். முதல் ஆண்டு நான் வெறுங்கையோடு நின்றிருந்தேன்; எதிர்வீட்டு மாமி தன் தட்டிலிருந்து தேங்காயையும் வெற்றிலையையும் எடுத்து என் கையில் வைத்து, "நீங்களும் இந்தத் தெருதானே" என்றார்.

எங்கே சாப்பிடலாம்?

சாம்பாரில் மிதக்கும் இட்டிலிக்கு 1948 முதல் இருக்கும் ரத்னா கபே. டோக்கன் வாங்கிக் காத்திருந்து சாப்பிடும் மெஸ்கள். பள்ளிவாசல் பக்கம் பிரியாணி. கோயிலில் நெய் வழியும் சர்க்கரைப் பொங்கல். இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை, மூக்கே வழிகாட்டும்.

வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா? எப்படி வந்து சேர்வது?

காருக்கு இடம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி நிலையம், மெட்ரோ ரயிலில் அரசினர் தோட்டம் நிலையம். இரண்டிலிருந்தும் நடந்து வரலாம்.

வீடுகளையும் மனிதர்களையும் படம் எடுக்கலாமா?

தெருவைத் தாராளமாக எடுங்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை எடுக்கும் முன் அருகில் போய்க் கேளுங்கள். கேட்டால் அநேகமாக மறுக்கமாட்டார்கள். உட்காரச் சொல்லி வீட்டின் கதையையும் சொல்வார்கள். ரேழி வரை எட்டிப் பார்த்துக் கேமராவை நீட்டுவது யாருக்கும் பிடிப்பதில்லை. உள்ளே ஒருவர் பூஜையில் இருக்கலாம், ஒருவர் நோயில் படுத்திருக்கலாம்.

பழைய வீடுகளை இடித்துக்கொண்டே இருக்கிறார்களே, ஏன்?

வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தாத்தா காலத்து வீட்டுக்கு இன்று எட்டு அல்லது ஒன்பது வாரிசுகள். பாதிப் பேர் வெளிநாட்டில். யாரும் தனியாக மராமத்துச் செலவை ஏற்கமாட்டார்கள், விற்றால் பங்கு பிரிப்பது எளிது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. நினைவுச் சின்னங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பெயர் தெரியாத மனிதர்கள் வாழ்ந்த சாதாரண வீட்டுக்கு அது எட்டுவதில்லை. அவற்றில் ஒரு சிலவற்றையாவது வரிச்சலுகையும் மராமத்து உதவியும் கொடுத்து நிறுத்திவைக்க மாநகராட்சி முன்வர வேண்டும் என்று மனுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன், இனியும் கொடுப்பேன்.

போன தையில் எங்கள் தெருக்கோடி வீட்டை இடித்தார்கள். திண்ணைத் தூண்கள் இரண்டும் பர்மா தேக்கு. ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, தலைமுறை தலைமுறையாகக் கை வைத்துச் சாய்ந்த இடம் மட்டும் வழவழவென்று கறுத்திருந்தது. பழைய மரக்கடை வண்டி வரும் முன் கேட்டு ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். எங்கள் மாடிப்படியின் அடியில் நிறுத்தியிருக்கிறேன். மேலே ஏறும் எதிர்வீட்டு மாமி இப்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்.